வீட்டுக் காணொளிகளுக்குப் பெயரிடும் முறை

மக்கட்குப் பெயரிடுதலில் எம்மவர் காட்டும் சிரத்தை யாவரும் அறிந்ததே. குழந்தை பிறந்தவுடன் நட்சத்திரம் பார்த்து, அதற்குரிய முதலெழுத்தைத் தேர்ந்து, பாட்டன் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் ஒருங்கே எண்ணி, உற்றார் உறவினரைக் கூட்டிப் பெயர் சூட்டுகின்றோம். அவ்விழாவினைக் கையடக்கத் தொலைபேசியிற் படமும் பிடிக்கின்றோம். ஆயின் அப்படத்துக்கு நாம் பெயரிடுவதில்லை. கருவியே மூன்று ஆங்கில எழுத்துகளையும் பதினான்கு இலக்கங்களையும் கோத்து ஒரு பெயரை இட்டுவிடுகின்றது. இட்ட பெயர் அப்படியே நிலைத்தும் விடுகின்றது.

இவ்விழாமலரையொட்டி எம் பழைய மாணவர் பலர் தத்தம் வீடுகளிலுள்ள ஒளிப்பதிவுகளைத் தேடத் தொடங்கியுள்ளனர். பரிசளிப்பு விழா, வாணி விழா, இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பேருந்திற் சென்ற பயணம் என்று இன்னோரன்ன பல அவர்களிடம் உள. அவர்களுள் ஒருவர் எம்மிடம் ஒரு வன்தட்டினைக் கொண்டுவந்து காட்டினார். அதனுள் அறுநூற்றுக்கு மேற்பட்ட கோப்புகள் இருந்தன. ஒன்றேனும் பெயர் பெற்றதன்று. காலஞ்சென்ற தமிழாசிரியர் ஒருவர் வாணி விழாவில் ஆற்றிய உரை அவற்றுள் ஒன்றில் இருப்பதை அவர் உறுதியாக அறிவார். எதிலென்பதை அறியார். அவ்வாசிரியரின் குரல் வேறெங்கும் பதிவாகியிருப்பதாகத் தெரியவில்லை. இத்தகைய நிலை வாசக அன்பர் பலர்க்கும் பொதுவாதலின், காணொளிகளை ஒழுங்குபடுத்திப் பெயரிடும் முறையினை ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றோம்.

முதலில் தெளிய வேண்டியது, பெயரிடுதல் யார்பொருட்டு என்பது. படம் பிடித்தவருக்குப் பெயர் வேண்டியதில்லை. அவர் முதற் காட்சியைக் கண்டவுடனே இடமும் நாளும் சொல்லிவிடுவார். பெயர் வேண்டியது அன்று அவ்விடத்தில் இல்லாதவர்க்கே. இன்னும் பிறவாத ஒருவருக்கும் ஆகலாம். இதனை மறந்து தமக்காகவே பெயரிடுவோர், ‘அம்மா’ என்றும் ‘நேற்று’ என்றும் ‘கோயில்’ என்றும் எழுதிவைத்துவிடுகின்றனர். அப்பெயர்கள் எழுதியவர் பக்கத்திலே நிற்கும்வரையிலேயே பொருள் தரும்.

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை முதலிய ஊர்களிலும் இக்காரியம் எத்துணை முக்கியமானது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. இலங்கையிற் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்பிரலிலும், ரூபவாகினி 1982 பெப்ருவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. அவற்றைத் தொடர்ந்து ‘டெக்’ என்று யாம் வழங்கிய ஒளிநாடாக் கருவி வசதியுள்ள வீடுகளிற் புகுந்தது. கல்யாண வீடுகளிலே படம் பிடிப்பதும் பெருவழக்காயிற்று. அதற்குச் சற்று முன்னரே மலையகக் குடும்பங்கள் கடலுக்கு இருபுறமுமாகப் பிரிந்துபோயிருந்தன. 1964 ஒக்ரோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை வழங்குவதென்றும் தீர்மானித்தது. அண்ணன் கோத்தகிரியிலும் தம்பி புசல்லாவையிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. இங்கு நடந்த திருமணத்துக்கு வர இயலாத பாட்டியார் அங்கிருந்து அதனைக் கண்டது, ஊருக்குப் போகும் ஒருவர் கையிற் கொடுத்தனுப்பிய ஒளிநாடாவினாலேதான். இறப்புச் சடங்குகளையும் அவ்வாறே படம் பிடித்து அனுப்பியதுண்டு. வேற்றூரார்க்கு அது விநோதமாகத் தோன்றலாம். முகம் பார்க்க வரமுடியாதவர்க்கு அஃதொன்றே வழியாக இருந்தது.

அந்நாடாக்கள் இப்பொழுது அழிந்துவருகின்றன. எமது நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் மலையிடையே அமைந்தது. அலுமாரியில் வைத்த நாடாவினுள் ஈரம் புகுந்து வெள்ளைப் பூஞ்சணம் படர்தல் இங்கு சாதாரணம். பூஞ்சணம் பிடித்த நாடாவைத் துப்புரவாக்காமல் ஓடவிட்டால் கருவியும் கெடும், நாடாவும் அறும். அதற்குரிய கருவிகளோ இனிப் புதிதாகக் கிடைக்கமாட்டா; அவற்றைச் செய்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானிய ஃபுனாய் 2016 ஜூலையுடன் அவ்வுற்பத்தியை நிறுத்திவிட்டது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்புரையிலே ஏட்டுச்சுவடிகள் கையிலெடுக்கும்போதே உதிர்வதைக் குறித்து வருந்தினார். அவ்வருத்தத்தை நாடா வைத்திருப்போர் இன்று நன்குணர்வர்.

ஆகவே பலரும் நாடாக்களைக் கடைகளிற் கொடுத்துக் கணினிக் கோப்புகளாக மாற்றுகின்றனர். அது நன்று. ஆயின் மாற்றிய பின்னர் நேர்வது யாது? நாடாவின் முதுகிலே ஒட்டியிருந்த துண்டில், மங்கிய மையிலேனும், ‘பெரியக்கா கல்யாணம், கம்பளை’ என்று எழுதியிருந்தது. கோப்பிலோ ‘தலைப்பு 1’ என்று மட்டுமே இருக்கின்றது. அன்றியும், மூன்று மணிநேர நாடாவொன்றிலே முதற் பாதி திருமணமும், பின்னர் ஒரு பூப்புனித நீராட்டு விழாவும், எஞ்சிய இடத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பஞ்சரதப் பவனியும் கலந்திருத்தல் உண்டு. நாடா விலைகூடிய காலத்து வழக்கம் அது. அவற்றை வெவ்வேறு கோப்பாகப் பிரித்துவைத்தலே முறை. பிரிக்க இயலாதவர் மூன்றின் பெயரையும் ஒரே பெயரில் அடக்குதல் வேண்டும்.

இனிப் பெயரிடும் முறைக்கு வருவாம். இதற்கு நாம் மேனாட்டாரை மட்டும் நோக்க வேண்டுவதில்லை. எட்டுத்தொகையைத் தொகுத்தோர் இக்கலையில் எமக்கு நல்லாசிரியர் ஆவர். அகநானூற்றினை எண்ணிப் பார்க்க. பாண்டியன் உக்கிரப்பெருவழுதி தொகுப்பிக்க, உருத்திரசன்மனார் தொகுத்த அந்நூலில் நானூறு பாட்டுகளும் மனம்போனவாறு அடுக்கப்படவில்லை. ஒற்றைப்பட்ட எண்களெல்லாம் பாலை. 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்துப் பத்தாக வருவன நெய்தல். 264 என்றவுடன் முல்லையென்றும் 310 என்றவுடன் நெய்தலென்றும் பாட்டைப் பாராமலே கூறிவிடலாம். இவற்றுக்கு மேலாக முதல் 120 பாட்டுகளைக் களிற்றியானைநிரை என்றும், அடுத்த 180ஐ மணிமிடைபவளம் என்றும், இறுதி 100ஐ நித்திலக்கோவை என்றும் மூன்று பகுதியாக்கினர். கணினிக்காரர் கோப்புறை என்று சொல்வது இதனையே. புறநானூற்றிலோ பெரும்பாலான பாட்டுகளின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்னும் குறிப்புகள் உள. அக்குறிப்புகள் இல்லையெனில், எந்தப் பாட்டு எந்த மன்னனைப் பற்றியது என்பதைப் பல இடங்களில் நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

எண்ணிட்டதனால் விளைந்த இன்னொரு பயன், இழந்தவையும் தெரிவதாகும். புறநானூற்றில் 267, 268 ஆகிய பாட்டுகள் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைத்தில. எண் இல்லாதிருப்பின் இவை தொலைந்தமையே எமக்குத் தெரிந்திராது. ஆதலின் வீட்டிலுள்ள ஒளிநாடாவுக்கும் இறுவட்டுக்கும் தொடரிலக்கம் இடுக. அவ்விலக்கத்தைக் கோப்பின் பெயரிலும் சேர்க்க. ஏழாம் நாடாவும் ஒன்பதாம் நாடாவும் இருந்து எட்டாவதைக் காணவில்லையெனில், அதனை இரவல் வாங்கிச் சென்ற மைத்துனரை நினைவுகூர்தற்காவது இடமுண்டாகும்.

பெயரின் முன்னே நிற்க வேண்டியது நாள். அதனிலும் ஆண்டு முதலில், பின்னர் மாதம், பின்னர் திகதி. 1988இல் அனைத்துலகத் தர நிர்ணய நிறுவனம் 8601ஆம் இலக்கத் தரமாக வகுத்ததும் இம்முறையே. எம் அரசாங்க அலுவலகக் கடிதங்களிலும் ஆண்டை முன்வைத்து எழுதும் வழக்கம் உண்டாதலின் இஃது எமக்குப் புதியதன்று. ‘04-03’ என்று மட்டும் எழுதினால் அது மார்ச்சு நான்கா ஏப்பிரல் மூன்றா என்னும் ஐயம் எழும். இலண்டனில் வாழும் மகன் ஒருவாறும் ரொறன்ரோவில் வாழும் மகள் வேறொருவாறும் கொள்வர். ஆண்டை முன்வைத்தால் ஐயமும் இல்லை; கணினி கோப்புகளை எண் வரிசையில் அடுக்கும்போது காலவரிசையும் தானே அமைந்துவிடும். திகதி தெரியாதாயின் ஆண்டும் மாதமும் போதும். மாதமும் தெரியாதாயின் ஆண்டு மட்டும் போதும். திருமண அழைப்பிதழிற் போல வருஷப் பெயரால் எழுதலாமே என்பாரும் உளர். அறுபது ஆண்டுக்கொருமுறை அப்பெயர் மீளும் என்பதை அவர்க்கு நினைவூட்டுவோம். 1954இல் வந்ததும் ஜய வருஷம், 2014இல் வந்ததும் ஜய வருஷம். பாட்டனார் திருமணமும் பேரனார் திருமணமும் ஒன்றாகிவிடும்.

நாளைக் கோப்பே தன்னுள் வைத்திருக்கின்றதே, பெயரிலும் எழுதுவது எதற்கு என்று வினவலாம். கோப்பு தன்னுடன் கொண்டுசெல்லும் நாள் நம்பத்தக்கதன்று. ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுக்கும்போது அது மாறக்கூடும். படக்கருவியில் நேரம் சரிசெய்யப்படாதிருப்பின் தொடக்கத்திலேயே பிழையாகும். வாட்ஸாப் வழியாக வந்த காணொளியின் பெயரிலுள்ள திகதியோ விழா நடந்த திகதியன்று. அக்காணொளி அனுப்பப்பட்ட அல்லது வந்து சேர்ந்த திகதியாம். 1994இல் நடந்த திருமணத்தை 2021இல் ஒருவர் அனுப்பினால் அது 2021 என்றே பெயர் பெறும். நாடாவிலிருந்து மாற்றிய கோப்புக்கும் மாற்றிய நாளே அமைந்திருக்கும்.

இலக்கமிடுமிடத்துச் சுழியத்தை மறத்தலாகாது. கண்டி எசல பெரஹராவின் பத்து இரவுகளையும் படம் பிடித்தவர் ஒருவர், கும்பல் பெரஹரா ஐந்து, ரந்தோலி பெரஹரா ஐந்து என 1 முதல் 10 வரை இலக்கமிட்டாரென வைத்துக்கொள்வோம். பல கருவிகள் இலக்கத்தை எண்ணாகப் படியாமல் எழுத்தாகவே படித்து 1, 10, 2 என அடுக்கும். அப்பொழுது முதலாவது கும்பலை அடுத்து இறுதி ரந்தோலி ஓடும். அதன்பின் மீண்டும் இரண்டாவது கும்பல் வரும். 01, 02 என எழுதினால் இக்குழப்பம் இல்லை. தொலைக்காட்சித் தொடர்களைச் சேர்ப்போர் இன்னும் முன்யோசனை உடையவராதல் வேண்டும். ‘கோலங்கள்’ போன்ற தொடர் ஆயிரத்தைந்நூறு அங்கங்களையும் கடந்ததாதலின், அதற்கு நான்கு இலக்கம் இட்டாலன்றி அடங்காது.

நாளுக்கு அடுத்தபடி நிகழ்ச்சி, இடம், ஆள். இவற்றுள் ஆளின் பெயரே மிகவும் பிழைபடுவது. தொல்காப்பியர் பெயர்களை வகுக்குமிடத்து இயற்பெயர் வேறு, முறைப்பெயர் வேறு என்று காட்டினார். அம்மா, தாத்தா, பெரியக்கா என்பன முறைப்பெயர்கள்; சொல்பவர் மாறினால் அவை சுட்டும் ஆளும் மாறிவிடுவர். இன்று நாம் ‘அம்மா’ என்றெழுதியவர் எம் மக்களுக்கு அப்பம்மா, அவர்தம் மக்களுக்குப் பூட்டி. ஐம்பதாண்டின்பின் அக்கோப்பைத் திறப்பவர் ‘அம்மா’ என்பது யாருடைய அம்மா என்று எவரைக் கேட்பார்? எனவே இயற்பெயரையே எழுதுக. எம்மவரிடையே ஒரே பெயருடையோர் பலராதலின், தந்தை பெயரின் முதலெழுத்தையும் விடாது எழுதுதல் நன்று. மலையகத்திலே ஒரே தோட்டத்தில் மூன்று இராமசாமிகள் இருத்தல் அரிதன்று. அவ்விடத்துத் தோட்டத்தின் பிரிவுப் பெயரையும் சேர்த்தால் ஆள் துலங்கும்.

‘புதியது’, ‘கடைசி’, ‘நல்லது’ என்பனவும் அவ்வாறே பயனற்றவை. ‘கடைசி’ என்ற கோப்பையடுத்து ‘கடைசி 2’ என்றும், அதனையடுத்து ‘உண்மையான கடைசி’ என்றும் இருந்ததை நாம் கண்டதுண்டு. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, நாம் உதாரணத்துக்கெனப் புனைந்த ஒரு பெயரைக் காட்டுவோம்: ‘1994-03-12 திருமணம் கம்பளை மு இராமசாமி - க இலட்சுமி நாடா07 பகுதி02’. இதில் அலங்காரம் ஏதுமில்லை. குடும்பத்தை அறியாத ஒருவரும் இதனைப் படித்து, இன்ன நாளில் இன்ன ஊரில் இன்னார்க்கு நிகழ்ந்தது இதுவென்று அறிவார். எல்லாக் கோப்புக்கும் இவ்வொழுங்கே இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் ‘திருமணம்’, ஓரிடத்தில் ‘கல்யாணம்’, ஓரிடத்தில் ‘விவாகம்’ என்றெழுதினால், தேடும்போது மூன்றிலொன்றே அகப்படும். செய்யுளில் ஒரு பொருட் பன்மொழி அழகுதான். கோப்பில் அஃது இடர்.

தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா என்னும் வினாவிலே நாம் நடுநிலை வகிப்பதாகப் பாசாங்கு செய்யோம். தமிழிலேயே எழுதுக. ஆங்கில எழுத்தில் ‘திருமணம்’ என்பதை ஒருவர் ‘எச்’ சேர்த்தும், ஒருவர் சேர்க்காமலும், ஒருவர் ‘ஐ’ என்றும், ஒருவர் இரட்டை ‘ஈ’ என்றும் எழுதுவர். ஒரு சொல்லுக்கு நான்கு உருவம் ஆகிவிடும். எனினும் தமிழில் எழுதுவோர் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

எம் நாட்டிற் பலகாலம் வழங்கிய பாமினி எழுத்துருவிற் பெயரிட்டால், அது கோப்பின் பெயராக வரும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் விரவிய குழப்பமாகவே தோன்றும். பாமினியில் நாம் தட்டுவது உண்மையில் ஆங்கில எழுத்துகளையே. எழுத்துருவே அவற்றுக்குத் தமிழ் வேடம் இடுகின்றது. கோப்பின் பெயரோ எழுத்துருவைத் தன்னுடன் கொண்டுசெல்வதில்லை. யுனிகோட் முறையிலே, 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலிருந்தே, தமிழுக்குத் தனியிடம் உண்டு. ஆகையால் யுனிகோட்டிலேயே எழுதுக. அதிலும் ஒரு நுட்பம். ‘கொ’ என்பதிலுள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம். கொம்பும் காலுமாக இரு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஒன்றை எழுதித் தேடினால் மற்றது அகப்படாதொழியலாம். ஒரே விசைப்பலகை முறையைத் தொடர்ந்து பயன்படுத்துவோர்க்கு இவ்விடர் பெரும்பாலும் நேராது.

பெயரின் நீளத்துக்கும் எல்லையுண்டு. வீட்டுக் காணொளிகளைச் சேர்த்துவைக்கும் சேமிப்புப் பெட்டிகள் பலவும் லினக்ஸ் முறைமையில் இயங்குவன. அவை ஒரு பெயருக்கு 255 பைட் மட்டுமே அளிக்கும். ஆங்கில எழுத்தொன்று ஒரு பைட்டில் அடங்கும். தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைட் வேண்டும். ‘கொண்டாட்டம்’ என்பது எமக்கு ஆறெழுத்து. கணினிக்கோ பதினொரு குறி, 33 பைட். ஆகவே தமிழிலே ஏறத்தாழ 45 எழுத்துக்குள் பெயரை அடக்குதல் பாதுகாப்பானது. நாம் மேலே காட்டிய பெயரில் இலக்கங்கள் மலிந்திருத்தலின் அது அவ்வெல்லைக்குள்ளே நன்கடங்கும். சாய்கோடு, முக்காற்புள்ளி, வினாக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோள் முதலியவற்றை விண்டோஸ் ஏற்காது. திகதியைச் சிறுகோடிட்டு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அகரவரிசையை நம்பி இருத்தலும் கூடாது. நன்னூல் கற்ற நமக்கு ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது முறை. யுனிகோட் அட்டவணையிலோ ய, ர, ற, ல, ள, ழ, வ என்று வரும். னகரம் நகரத்துக்கு அடுத்தே அமர்ந்துவிடும். அட்டவணை முறையே அடுக்கும் கருவிகளில் ‘வள்ளி’ எல்லாருக்கும் பின்னே சென்று நிற்பாள். பவணந்தி முனிவர் இதனை ஒப்பார். முன்னே எண்ணை வைத்துவிட்டால் இவ்வழக்குக்கே இடமில்லை.

திரைப்படங்களைச் சேர்த்துவைப்போர்க்குச் சில சொற்கள். ஜெல்லிஃபின், பிளெக்ஸ், கோடி முதலிய செயலிகள் கோப்பின் பெயரையும் ஆண்டையும் படித்து, பொதுத் தரவுத்தளமொன்றில் ஒப்பிட்டு, சுவரொட்டிப் படத்தையும் நடிகர் விபரத்தையும் தாமே கொணர்ந்து காட்டுவன. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்புறை அமைத்து, பெயரை எழுதி, ஆண்டை அடைப்புக்குறிக்குள் இடுதல் அவை விரும்பும் முறை. ஆண்டு இன்றியமையாதது. ‘விக்ரம்’ 1986இலும் உண்டு, 2022இலும் உண்டு. இரண்டிலும் நாயகர் கமலஹாசனே. ‘பில்லா’ 1980, 2007. ‘படிக்காதவன்’ 1985, 2009. ஆண்டின்றிப் பெயரிட்டால் செயலி தான் விரும்பியதைக் கொள்ளும். வீட்டு விழாக்களை இத்திரைப்படப் பகுதியிற் கலத்தலாகாது. கலந்தால், அக்காளின் திருமணத்துக்கு எங்கோ எடுத்த படமொன்றின் சுவரொட்டி வந்து ஒட்டிக்கொள்ளும். அச்செயலிகளில் வீட்டுக் காணொளிக்கென வேறு வகை உண்டு, அதனைத் தேர்க.

எம் நாட்டுத் தமிழ்த் திரைப்படங்களாகிய ‘தோட்டக்காரி’ (1963), ‘குத்துவிளக்கு’ (1972), ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) போன்றவற்றின் படி எவரிடமேனும் இருப்பின், அதனைத் தனியே கருத்தாகப் பேணுக. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிந்தபோது படச்சுருள்கள் பல அழிந்தன. வீட்டு அலுமாரியில் மங்கலாகக் கிடக்கும் ஒரு நாடாப்படியும் இன்று அரும்பொருளாகலாம். அவற்றின் ஆண்டையும் கலைஞர் பெயரையும் சரிபார்க்கத் தம்பிஐயா தேவதாஸ் எழுதிய ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ உதவும்.

பெயரிட்டு முடித்ததும் படியெடுத்தல் வேண்டும். மூன்று படி, இருவகைச் சாதனத்தில், ஒன்றேனும் வேறோரிடத்தில் என்பது இத்துறையினர் கூறும் கணக்கு. வேறோரிடம் என்பதை எம்மூரார்க்கு விளக்க வேண்டுவதில்லை. 1977இலும் 1983இலும் வீட்டோடு புகைப்படத் தொகுதியையும் இழந்தோர் எம்மிடையே உளர். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்திலே மலைச்சரிவுகள் வீடுகளை மூடியதையும் கண்டோம். ஒரே வீட்டின் மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் வைத்தவை இரண்டு படி ஆகமாட்டா. கோத்தகிரியிலோ ரொறன்ரோவிலோ உள்ள உறவினரிடம் ஒரு தட்டு இருக்கட்டும். முன்னர் நாடா போன வழியே இப்பொழுது தட்டும் போகட்டும்.

எஞ்சியிருப்பது, ஆளும் நாளும் இடமும் எதுவுமே தெரியாத காணொளிகள். அவற்றை அழித்துவிட வேண்டா. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இயற்பெயர் தெரியாத புலவர் சிலர் அவர்தம் பாட்டில் வந்த தொடராலேயே பெயர் பெற்றனர். செம்புலப்பெயனீரார், விட்டகுதிரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்போர் அத்தகையோர். தொகுத்தோர், பெயரில்லை என்று அப்பாட்டுகளை ஒதுக்கினாரல்லர். அவ்வாறே ‘ஆண்டு தெரியாது சிவப்புக்குடை ஊர்வலம் மழை’ என்றாவது எழுதிவைக்கலாம். பின்னர் எவரேனும் கண்டு, அது கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வீதி என்று கூறுவாராயின் அப்பொழுது திருத்திக்கொள்ளலாம். ஊகத்தை உண்மைபோல எழுதுதல் மட்டும் கூடாது. ஐயமுள்ளவிடத்து ‘ஐயம்’ என்றே பெயரிற் சேர்த்துவிடுக.

எங்கிருந்து தொடங்குவதென்று மலைப்போர், பழைய நாடாவிலிருந்தும் முதிய உறவினரிடமிருந்தும் தொடங்குக. தொலைபேசியில் நேற்றுப் பிடித்தவை காத்திருக்கும். எழுபதைக் கடந்த ஒருவரை அருகிருத்தி, படத்தை மெல்ல ஓடவிட்டு, அவர் சொல்லும் பெயர்களை அப்பொழுதே எழுதுக. அவர் பேசுவதையும் தொலைபேசியிற் பதிந்து அதே இலக்கத்தின்கீழ் வைக்க. ஒரு மாலையில் ஒரு நாடாவுக்கு மேல் இயலாது. முகங்கள் தோன்றத் தோன்றக் கதைகள் வளரும், கண்ணீரும் வரும். கல்லூரி சார்ந்த பதிவுகளைச் சங்கத்துக்கு அளிக்க விரும்புவோர், கோப்பின் பெயரை மேற்கூறியவாறு அமைத்து, நாடாவின் இலக்கத்தை அதன் முதுகிலே பென்சிலால் எழுதி அனுப்புக. மை எம்மூர் ஈரத்திற் கலைந்துவிடும்.